உயர்ந்த அழுத்தக்கலன்களின் சுவர்த் தடிமனைத் தீர்மானித்தல்: கொல்லிமலை நீர்மின் குழாயை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அழுத்தக்கலனின் உருளைச்சுவருக்குத் தேவையான தடிமனைக் கணக்கிடும் வாய்பாடு எளியது. கலன் உயரமானதாக அமையும்போது அவ்வாய்பாட்டில் எந்த அழுத்தத்தை இடுவது, அழுத்தத்தைத் தவிர வேறெந்த விசை சுவரை ஆள்கிறது என்பவை உயரத்துக்கு உயரம் மாறுகின்றன. கொல்லிமலையின் சரிவில் இறங்கும் நீர்மின் அழுத்தநீர்க்குழாயையும், வேதித் தொழிற்சாலையில் நிமிர்ந்து நிற்கும் வடிகோபுரத்தையும் அருகருகே வைத்து, தேவைத் தடிமன் என்பது ஒற்றை எண் அன்று, உயரத்தைச் சார்ந்த ஒரு வரைகோடு என்பதை இக்கட்டுரை எண்வழிக் கணக்குகளால் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அழுத்தக்கலன், சுவர்த் தடிமன், வளையத் தகைவு, அழுத்தநீர்க்குழாய், நீரடி, காற்றுச்சுமை, கொல்லிமலை.

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்த மேட்டுநிலம். அம்மேட்டில் பிறக்கும் ஐயாறு, அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாயகங்கை அருவியாக ஏறத்தாழ 300 அடி வீழ்ந்து, புளியஞ்சோலைப் பக்கமாகச் சமவெளியை அடைகிறது. அருவியாக வீழும் நீர் தன் நிலையாற்றலை வேகமாகவும் இரைச்சலாகவும் செலவழித்துவிடுகிறது. அருவியின் அடியிலுள்ள குட்டையின் மேற்பரப்பில் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. அதே நீரை அதே 300 அடி உயரத்துக்கு மூடிய குழாயில் நிறுத்தினால், குழாயின் அடியில் ஏறத்தாழ 0.9 மெகாபாஸ்கல் அழுத்தம் நிலைகொள்ளும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் அது ஒன்பது மடங்கு.

தமிழ்நாட்டு மின்வாரியம் 20 மெகாவாட் திறனில் மேற்கொண்டுள்ள கொல்லிமலை நீர்மின் திட்டம் இந்த வேறுபாட்டையே பயன்படுத்துகிறது. மேட்டுநில ஓடைகளின் நீரைத் திருப்பி, மலைச்சரிவில் இறக்கி, அடிவாரத்துச் சுழலியை ஓட்டுவது அதன் அடிப்படை. நீரை இறக்கும் எஃகுக் குழாயைப் பொறியாளர்கள் பென்ஸ்டாக் என்பர். இக்கட்டுரை அதனை அழுத்தநீர்க்குழாய் என வழங்குகிறது. தமிழகத்துக்கு இது புதியதன்று. 1932இல் மின்னுற்பத்தி தொடங்கிய நீலகிரிப் பைக்காரா நிலையத்தில் நீர் இறங்கும் உயரம் 900 மீட்டருக்கும் மேல். அக்காலத்தில் உலகின் மிக உயர்ந்த வீழ்ச்சிகளைப் பயன்படுத்திய நிலையங்களுள் அதுவும் ஒன்று.

அழுத்தநீர்க்குழாயை அழுத்தக்கலன் என்று சட்டநூல்கள் வகைப்படுத்துவதில்லை. இந்தியத் தரநிலைகளில் அழுத்தக்கலனுக்கு ஐ.எஸ். 2825, தரைமேல் அழுத்தநீர்க்குழாய்க்கு ஐ.எஸ். 11639 முதற்பகுதி எனத் தனித்தனி ஆவணங்கள் உள்ளன. ஆயினும் இயற்பியல் நோக்கில், பல நூறு மீட்டர் உயரமுள்ள, அடிவரை நீர் நிரம்பிய, மெல்லிய சுவருடைய ஓர் உருளைதான் அது. உயரம் என்னும் ஒரு கூறு சுவர்த் தடிமனை என்ன செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

வளையத் தகைவும் அடிப்படை வாய்பாடும்

உருளையொன்றை அச்சின் வழியே நெடுக்காக இரண்டாகப் பிளந்ததாகக் கொள்க. உள்ளழுத்தம் இரு பாதிகளையும் பிரிக்க முயல்கிறது. அவ்விசை, அழுத்தத்தை விட்டத்தாலும் நீளத்தாலும் பெருக்கிய அளவு. அதனைத் தாங்குபவை இருபுறத்துச் சுவர் வெட்டுமுகங்கள் மட்டுமே. இரண்டையும் சமப்படுத்தினால், தடிமன் = அழுத்தம் × ஆரம் ÷ தகைவு என்பது கிடைக்கும். சுவரை வளையமாகச் சுற்றி இழுக்கும் இத்தகைவே வளையத் தகைவு.

அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் (அஸ்மே) நெறித்தொகுப்பு, எட்டாம் பிரிவின் முதற்பகுதியில் யூ.ஜி.-27 என்னும் பத்தி, இதனையே இரு திருத்தங்களுடன் தருகிறது:

தடிமன் = (அழுத்தம் × உள்ளாரம்) ÷ (அனுமதித் தகைவு × இணைப்புத் திறன் − 0.6 × அழுத்தம்)

இணைப்புத் திறன் என்பது பற்றவைப்பின் நம்பகத்துக்கு இடும் மதிப்பெண். பற்றவைப்பு முழுவதையும் கதிர்ப்படம் எடுத்துச் சோதித்தால் 1.0, ஆங்காங்கே மட்டும் சோதித்தால் 0.85. கழிக்கப்படும் 0.6 × அழுத்தம், சுவர் முற்றிலும் மெல்லியதன்று என்பதற்கான ஈடு. கிடைத்த தடிமனுடன் அரிமான ஒதுக்கீட்டைச் சேர்த்து, சந்தையில் கிடைக்கும் அடுத்த தகட்டுத் தடிமனுக்கு உயர்த்துவது வழக்கம்.

உருளையைக் குறுக்காக வெட்டினால் கிடைக்கும் நெடுக்குத் தகைவு, வளையத் தகைவில் பாதியே. ஆகவே, உள்ளழுத்தம் ஒன்றே சுமையாக இருக்கும்வரை, நெடுக்குத் திசையில் சுவரின் வலிமையில் பாதி பயன்படாமல் எஞ்சியிருக்கிறது. இந்த எச்சம் பின்னர்க் காற்றுச்சுமையைக் கருதும்போது முதன்மை பெறும்.

சரிவில் இறங்கும் குழாய்: எண்வழிக் கணக்கு

கொல்லிமலைச் சரிவை ஒத்த ஒரு மாதிரியாக 700 மீட்டர் வீழ்ச்சி கொள்ளப்படுகிறது. இது கணக்கின் எளிமைக்குக் கொண்ட முழு எண்; திட்டத்தின் வடிவமைப்பு மதிப்பு அன்று. 20 மெகாவாட் ஆற்றலுக்கு, மொத்தத் திறன் 88 விழுக்காடு எனக் கொண்டால், வினாடிக்கு ஏறத்தாழ 3.3 கன மீட்டர் நீர் தேவை. நீரின் வேகத்தை வினாடிக்கு 4 மீட்டர் அளவில் வைத்தால் 1 மீட்டர் உள்விட்டமுள்ள குழாய் போதும். ஒரு மின்னிலையத்தையே இயக்கும் நீர், நான்கு வயதுக் குழந்தையின் உயரமே உள்ள குழாய்க்குள் அடங்கிவிடுகிறது என்பது உயர்வீழ்ச்சித் திட்டங்களின் இயல்பு. நீர் குறைவு; அழுத்தம் மிகுதி.

எஸ்.ஏ.-516 கிரேடு 70 என்னும் கலனெஃகுக்கு, இயல்பு வெப்பநிலையில் அஸ்மே தரும் அனுமதித் தகைவு 138 மெகாபாஸ்கல். முழுக் கதிர்ப்படச் சோதனை, 2 மில்லிமீட்டர் அரிமான ஒதுக்கீடு, நீரடிக்காக நிலையழுத்தத்தில் 15 விழுக்காடு கூடுதல் ஆகியவை கொள்ளப்படுகின்றன.

மேலிருந்து 100 மீட்டர் ஆழத்தில் வடிவமைப்பு அழுத்தம் 1.13 மெகாபாஸ்கல், வாய்பாடு தரும் தடிமன் 4.1 மில்லிமீட்டர். 350 மீட்டரில் அழுத்தம் 3.95, தடிமன் 14.6. அடியில் 700 மீட்டரில் அழுத்தம் 7.90, தடிமன் 29.6. ஒதுக்கீட்டைச் சேர்த்துத் தகட்டளவுக்கு உயர்த்தினால் இவை முறையே 8, 18, 32 மில்லிமீட்டர் ஆகும்.

குழாய் முழுவதற்கும் 32 மில்லிமீட்டர் தகட்டையே இட்டால் கணக்கு எளிதாகும், ஆனால் எஃகு வீணாகும். 32 மில்லிமீட்டர்ச் சுவருள்ள குழாயின் ஒரு மீட்டர் நீளத்தின் எடை ஏறத்தாழ 814 கிலோகிராம். 18 மில்லிமீட்டர்ச் சுவருக்கு அது 452. உயரத்துக்கேற்பத் தடிமனைப் படிப்படியாக மாற்றினால் மொத்த எஃகில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மிச்சமாகும். கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அத்தகைய நிலத்தில் தகட்டின் விலையைக் காட்டிலும் அதனை ஏற்றியிறக்கிப் பொருத்தும் செலவே பெரிதாகக்கூடும். ஆகவே படிமுறைத் தடிமன் வெறும் சிக்கனக் கருத்தன்று.

நீரடி

மேலே 15 விழுக்காடு என எளிதாகக் கொள்ளப்பட்ட எண் விளக்கம் வேண்டுவது. ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால், நீரின் அடர்த்தி, குழாயில் அழுத்த அலையின் வேகம், நீர்வேக மாற்றம் மூன்றின் பெருக்கற்பலன் அளவுக்கு அழுத்தம் எகிறும். எஃகுக் குழாயில் அலைவேகம், சுவர்த் தடிமனுக்கேற்ப, வினாடிக்கு 1000 முதல் 1300 மீட்டர் வரை அமையும். மாதிரிக் குழாயில் நீர்வேகம் 4.2 மீட்டர் என்பதால், திடீர் நிறுத்தத்தின் எகிறல் குறைந்தது 4.2 மெகாபாஸ்கல். 700 மீட்டர் நிலையழுத்தமான 6.87 உடன் ஒப்பிட்டால், இது 60 விழுக்காட்டுக்கும் மேல்.

இவ்வளவையும் சுவர்த் தடிமனால் தாங்குவது அறிவுடைமை ஆகாது. அலை மேலே சென்று மீளும் நேரத்தைவிடப் பலமடங்கு நீண்ட நேரத்தில் அடைப்பானை மெல்ல மூடினால் எகிறல் வெகுவாகக் குறையும். பெல்டன் சுழலியில் இதற்கு ஓர் அழகிய வழியுண்டு: மின்சுமை திடீரென நீங்கும்போது நீர்த்தாரையைத் திருப்பும் தகடு உடனே குறுக்கிட்டுச் சுழலியைக் காக்கிறது, பின்னர் நுனிக்குழல் அவசரமின்றி மூடிக்கொள்கிறது. எனவே, வடிவமைப்பில் கொள்ளும் 15 விழுக்காடு என்பது எஃகின் பண்பு அன்று. அடைப்பான் இயக்கப்படும் ஒழுங்கு பற்றிய ஒரு வாக்குறுதி. அவ்வொழுங்கு மீறப்படின் மேலே கணக்கிட்ட 29.6 மில்லிமீட்டருக்குப் பொருளில்லை.

மேல்முனை: அழுத்தமின்மையே ஆளும் இடம்

மேல் 100 மீட்டருக்கு 8 மில்லிமீட்டர் தகடு போதும் என்ற விடை, உள்ளழுத்தத்தை மட்டும் கருதியது. குழாயில் நீரை வடிக்கும்போது மேலே காற்றுப்புழைத் திறப்பு அடைபட்டிருந்தால் உள்ளே வெற்றிடம் உருவாகும். வெளியிலுள்ள வளிமண்டலம் குழாயை நெரிக்கும். நீண்ட உருளை நெரிந்து மடியும் அழுத்தம், யங் குணகத்தின் இருமடங்கை ஒன்றிலிருந்து பாய்சான் விகிதத்தின் வர்க்கத்தைக் கழித்த எண்ணால் வகுத்து, தடிமன்–விட்ட விகிதத்தின் கனத்தால் பெருக்கிய அளவு. இங்குத் தடிமன் கனமாக வருவதே கவனிக்கத்தக்கது. உள்ளழுத்தத்தைத் தாங்கும் திறன் தடிமன் பாதியானால் பாதியாகும். நெரிவைத் தாங்கும் திறன் எட்டிலொன்றாகும்.

8 மில்லிமீட்டர் தகடு 2 மில்லிமீட்டர் அரித்து 6 ஆனபின், 1 மீட்டர் விட்டக் குழாய் நெரியும் அழுத்தம் 0.095 மெகாபாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ 0.101. அதாவது, நூறு மீட்டர் நீரைத் தாங்கப் போதுமான குழாய், வெறும் காற்றின் எடைக்குத் தோற்கும். இருமடங்குக் காப்பு வேண்டுமெனில் 7.7 மில்லிமீட்டர் தேவை. ஒதுக்கீட்டுடன் 10 மில்லிமீட்டர் தகடு. விறைப்பு வளையங்களைப் பற்றவைத்து மெல்லிய தகட்டையே வைத்திருப்பது மாற்று வழி. சப்பானின் ஓயிகாவா நிலையத்தில் 1950இல் நிகழ்ந்த விபத்து இவ்விரு முனைகளையும் ஒருசேரக் காட்டியது: நீரடியால் கீழே குழாய் வெடித்தது, அதன்வழி நீர் பீறிட்டு வெளியேற, மேற்பகுதி வெற்றிடத்தால் நெரிந்து மடிந்தது. மூவர் உயிரிழந்தனர்.

நிமிர்ந்த கோபுரம்: காற்று ஆளும் இடம்

சரிவில் கிடக்கும் குழாயை மலை தாங்குகிறது. எண்ணெய்த் தூய்மிப்பு ஆலையின் வடிகோபுரத்துக்கு அத்துணை இல்லை. அது தன் அடியில் மட்டும் ஊன்றி, காற்றில் தனியே நிற்பது. ஆவியே பெரும்பகுதியும் நிறைந்திருப்பதால் உள்ளழுத்தம் மேலும் கீழும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே சுவரும் ஒரே தடிமன் போதும் எனத் தோன்றும். கணக்கு வேறு கூறுகிறது.

உயரம் 60 மீட்டர், உள்விட்டம் 2 மீட்டர், உள்ளழுத்தம் 1.0 மெகாபாஸ்கல், அதே எஃகு, இணைப்புத் திறன் 0.85, அரிமான ஒதுக்கீடு 3 மில்லிமீட்டர் எனக் கொள்க. வளையத் தகைவுக்குத் தேவை 8.6 மில்லிமீட்டர், ஒதுக்கீட்டுடன் 12 மில்லிமீட்டர் தகடு.

ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி சென்னையின் அடிப்படைக் காற்றுவேகம் வினாடிக்கு 50 மீட்டர். காற்றழுத்தம், வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கிய அளவாதலின், சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன். நில அமைப்பு, உயரம் ஆகியவற்றுக்கான குணகங்கள் இங்கு ஒன்று எனக் கொள்ளப்படுகின்றன. உண்மை வடிவமைப்பில் உயரக் குணகம் மேலே செல்லச் செல்லக் கூடும். உருளை வடிவக் குணகம் 0.7, வெப்பக்காப்பு, ஏணி, மேடைகள் சேர்ந்த அகலம் 2.6 மீட்டர். கோபுரத்தின் ஒவ்வொரு மீட்டர் உயரத்திலும் 2.73 கிலோநியூட்டன் தள்ளுகிறது. அடியில் இது 4914 கிலோநியூட்டன்-மீட்டர் வளைவுத் திருப்புத்திறனாகத் திரள்கிறது.

காற்று வீசும் பக்கத்துச் சுவரில் இத்திருப்புத்திறன் நெடுக்கு இழுவிசையைத் தோற்றுவிக்கிறது. காற்றும் அழுத்தமும் ஒருங்கே வரும்போது அனுமதித் தகைவை 1.2 மடங்கு உயர்த்திக்கொள்ள அஸ்மே இடந்தருகிறது. அவ்வாறு கொண்டாலும், உள்ளழுத்தத்தின் நெடுக்குப் பங்கு 3.5 மில்லிமீட்டர், காற்றின் பங்கு 11.1 மில்லிமீட்டர். ஏறத்தாழ 55 டன் எடை சுவரைக் கீழ்நோக்கி அழுத்தி 0.6 மில்லிமீட்டரை மிச்சப்படுத்துகிறது. கூட்டினால் 14.1 மில்லிமீட்டர், ஒதுக்கீட்டுடன் 18 மில்லிமீட்டர் தகடு. முன்பு கண்ட நெடுக்குத் திசை எச்ச வலிமையைக் காற்று விழுங்கிவிட்டு, அதற்கு மேலும் கேட்கிறது.

திருப்புத்திறன் உச்சியிலிருந்து இறங்கும் தொலைவின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால், ஆட்சி எங்கே மாறுகிறது என்பதையும் கணக்கிடலாம். உச்சியிலிருந்து 42 மீட்டர் வரை வளையத் தகைவே ஆள்கிறது. 12 மில்லிமீட்டர் போதும். எஞ்சிய 18 மீட்டரில் காற்று ஆள்கிறது. தடிமன் படிப்படியாக 18 மில்லிமீட்டருக்கு உயர வேண்டும். காற்று வீசும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நிலைமை வேறு: அங்குச் சுவர் அமுக்கப்படுகிறது. உள்ளழுத்தம் இன்னும் ஏற்றப்படாத நிலையில், அரித்து 15 மில்லிமீட்டரான அடிச்சுவரில் அமுக்கத் தகைவு ஏறத்தாழ 110 மெகாபாஸ்கல். மெல்லிய சுவர் நெளியக்கூடும் என்பதால், இதற்குரிய வரம்பை இழுவிசை அட்டவணையிலிருந்து எடுக்கலாகாது. ஆரம்–தடிமன் விகிதத்தைக் கொண்டு தனி வரைபடத்திலிருந்து பெறவேண்டும்.

நீர்ச்சோதனை

கோபுரம் ஒருநாள் மட்டும் கொல்லிமலைக் குழாயாக மாறுகிறது. நிமிர்ந்த நிலையிலேயே நீர் நிரப்பிச் சோதித்தால், உச்சியில் 1.3 மெகாபாஸ்கல் சோதனையழுத்தத்துடன் 60 மீட்டர் நீரின் 0.59 சேர்ந்து, அடியில் 1.89 ஆகும். இயங்கும்போது இருப்பதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. சுவர் அதனைத் தாங்கலாம். உள்ளே நிற்கும் 188 டன் நீரை அடித்தளம் தாங்குமா என்பது வேறு கேள்வி. பெருங்கோபுரங்களைப் பணிமனையில் கிடத்தியே நீர்ச்சோதனை செய்வதற்கு இதுவே முதற்காரணம்.

வலிமையான எஃகு என்னும் குறுக்குவழி

தடிமனைக் குறைக்க அனுமதித் தகைவை உயர்த்தலாம். அதாவது, வலிமை மிக்க எஃகைத் தேரலாம். சுவிட்சர்லாந்தின் கிளியூசன்–தீக்சான்சு திட்டம் 1883 மீட்டர் வீழ்ச்சிக்கு அவ்வாறே உயர்வலிமை எஃகைப் பயன்படுத்தியது. 2000 டிசம்பர் 12 அன்று அதன் அழுத்தநீர்த்தடம் ஏறத்தாழ 9 மீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது, மூவர் உயிரிழந்தனர். நிலையம் மீண்டும் இயங்க ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின. எஃகின் வலிமை உயர உயர, பற்றவைப்பில் நுண்விரிசல் தோன்றும் வாய்ப்பும் உயர்கிறது. மெல்லிய சுவரில் அவ்விரிசலுக்கு எஞ்சும் தொலைவும் குறைவு. வாய்பாட்டின் பகுதியில் அனுமதித் தகைவும் இணைப்புத் திறனும் பெருக்கலாக நிற்பதை வெறும் எண்கணிதமாகக் கொள்ளலாகாது. முதலதை உயர்த்துபவர் இரண்டாவதை மெய்ப்பிக்கும் பொறுப்பையும் ஏற்கிறார்.

ஆய்வுப் பதிவேட்டில் எழுதும் எண்

வடிவமைப்புக்குப் பின்னும் தடிமன் வரைகோடு தேவைப்படுகிறது. இயங்கும் கலன்களின் எஞ்சிய தடிமனை மீயொலிக் கருவியால் அளந்து, குறைந்தபட்சத் தேவையுடன் ஒப்பிடுவது பராமரிப்பு நடைமுறை. பதிவேட்டில் கலன் ஒன்றுக்கு ஒரே குறைந்தபட்ச எண்ணை எழுதும் வழக்கத்தின் விளைவை மேற்கண்ட கோபுரத்தைக் கொண்டே காணலாம். வளையத் தகைவுக்கான 8.6 மில்லிமீட்டரைப் பதிவேடு தாங்கியிருக்க, 50 மீட்டர் உயரத்தில் 9.0 என்றும் அடியில் 13.5 என்றும் அளவீடு வருகிறது எனக் கொள்க. முதல் எண் ஐயத்தை எழுப்பும். இரண்டாவது எளிதில் கடந்துபோகும். உண்மையில் 9.0 அவ்வுயரத்துக்குப் போதுமானது. காற்றுக்கு 14.1 வேண்டிய இடத்தில் உள்ள 13.5 போதாது, புயல் வரும்வரை அக்குறை வெளித்தெரியாது. சரிவுக் குழாயின் மேற்பகுதியிலும் அவ்வாறே: 7 மில்லிமீட்டர் என்னும் அளவீடு, நீரழுத்தத்துக்கு வேண்டிய 4.1ஐ நோக்கத் தாராளம்; வெற்றிடத்துக்கு வேண்டிய 7.7ஐ நோக்கக் குறைவு. ஆகவே, பதிவேட்டின் ஒவ்வொரு அளவிடத்துக்கும் அதன் உயரம், அங்கு ஆளும் சுமை, அச்சுமைக்கான குறைந்தபட்சத் தடிமன் ஆகிய மூன்றும் தனித்தனியே எழுதப்பட வேண்டும்.